ப்யூஸ் கம்பியில் காய்த்த தக்காளி

வைத்திக்குப்பம், புதுச்சேரி
20 ஏப்ரல்

அப்பாவுக்கு,

பூர்ணிமா எழுதுவது. கடிதத்தைக் கிழிப்பதற்கு முன்னால் ஊறுகாய் பாட்டிலை எடுத்து ஓரமாக வையுங்கள். அது அம்மா போட்டது. அம்மா மேல் உங்களுக்குக் கோபம் இல்லை.

போனை எடுத்தால் "அம்மாகிட்ட குடு" என்கிறீர்கள். நான் "அப்பா"வில் பாதி சொல்வதற்குள் லைன் கட். மின்துறை லைன் இன்ஸ்பெக்டர், சொந்த வீட்டு லைனையே இப்படிக் கட் பண்ணலாமா? அதனால்தான் கலியமூர்த்தி மாமா கையில் இந்தக் கடிதம். மாமாவும் உங்களோடு அதே மாஹே ஆபீசில்தான் வேலை பார்க்கிறார், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி ஊருக்கு வருகிறார். நீங்கள் மட்டும் வருவதாகவே தெரியவில்லை. காகிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது. முடியும்தான். பண்ணாதீர்கள்.

அந்த விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன். நீங்கள் மாற்றலாகிக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் வீட்டில் விருந்து. உங்கள் மேலதிகாரி ஏ.இ. சார் இலையில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்குகிறார். கரண்ட் போய்விட்டது. நீங்கள் ப்யூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தீர்கள், கம்பி பளபளவென்று இருந்தது, திரும்ப மாட்டிவிட்டுப் புதுச் சட்டையோடு கம்பத்தில் ஏறினீர்கள். இருபது நிமிடம் தெருவே அண்ணாந்து நின்றது. கட்டையில் இருந்தது கம்பி இல்லை, அம்மா ஜாக்கெட்டுக்கு வாங்கிய செம்புக் கலர் நூல், கட்டியது நான் என்று கடைசியில் நான்தான் சொன்னேன். ஏ.இ. சார் புரையேறச் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை.

"ஒன்ன நம்பி ஒரு செடியக்கூட உட்டுட்டுப் போவ முடியாது. நீயும் அம்மாவும் டி.சி. வாங்கிக்கினு மாஹேக்கு வந்துடுங்க."

"உட்டுட்டுத்தான் பாருங்களேன்" என்றேன் நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் அது என் வாய் இல்லை.

கிளம்பும் அன்று காலையில் மொட்டைமாடியில் ஐந்து தொட்டி வைத்துவிட்டுப் போனீர்கள். மூன்றில் தக்காளி நாற்று, இரண்டில் குடைமிளகாய். பிளஸ் ஒன் சேர்க்கைக்குக் கடைசி நாள் ஜூன் 20. அதற்குள் ஒரு தக்காளியும் ஒரு குடைமிளகாயும் காய்த்தால் நான் இங்கேயே படிக்கலாம். இல்லாவிட்டால் மாஹே. மாஹேயிலும் கடல் இருக்கிறது என்பீர்கள். அது எதிர்ப்பக்கத்துக் கடல். அதில் சூரியன் மூழ்குகிறது, நம்முடையதில் எழுந்திருக்கிறது. காலையில் எழுந்திருக்கிற கடலை விட்டுவிட்டு, என் கோ-கோ டீமை விட்டுவிட்டு, நான் ஏன் வர வேண்டும்?

நாற்று ஐந்தும் நலம். நானும் நலம். நீங்கள்?

பூர்ணிமா
(தோட்டக் கமிஷனர், மொட்டைமாடி நகராட்சி)


மின்துறைக் குடியிருப்பு, மாஹே
2 மே

பொருள்: மொட்டைமாடித் தொட்டிகள் ஐந்து.
பார்வை: உன் கடிதம், நாள் 20 ஏப்ரல்.

ஊறுகாய் கிடைத்தது.

கோபம் என்று நீயாக எழுதிக்கொள்ளாதே. இருபத்திரண்டு வருடமாகக் கம்பம் ஏறுகிறேன். கம்பி எது, நூல் எது என்று தெரியாதவன் என்று அன்றைக்கு ஊர் சிரித்தது. அதுகூடப் போகட்டும். இங்கே வேலையில் சேர்ந்த முதல் நாளே என் மேசையில் யாரோ ஒரு நூல்கண்டு வைத்திருந்தார்கள். கலியமூர்த்தி வாய் சும்மா இருக்காது என்று உனக்குத் தெரியும். அவன் கையிலேயே கடிதம் கொடுத்து அனுப்புகிறாய்.

தண்ணீர் காலையில் மட்டும் ஊற்றவும். இலைமேல் ஊற்றக் கூடாது, வேரில் ஊற்றவும். தக்காளிக்குக் குச்சி நட்டு, பழைய துணியையோ சணல் நூலையோ தளர்வாகக் கட்டவும். இறுக்கினால் தண்டு அறுந்துவிடும்.

குடியிருப்பில் இரண்டு அறை. ஒன்றைத் திறக்கவே இல்லை. சாப்பாடு ஓட்டலில். மீன் நன்றாக இருக்கிறது, குழம்பில் தேங்காய் அதிகம்.

விதிமுறையில் மாற்றம் இல்லை. ஜூன் 20.

அருள்முருகன்


வைத்திக்குப்பம்
4 மே

அப்பா,

பெற்ற மகளுக்கு "அருள்முருகன்" என்று கையெழுத்துப் போடுகிற ஒரே ஆள் நீங்கள்தான். ஆபீஸ் சீல் மட்டும்தான் குறை.

நூல்கண்டு விஷயம் எனக்குத் தெரியாது. அது நான் யோசிக்காத இடம். மாமாவிடம் நேற்று கேட்டேன். "சும்மா தமாசுக்கும்மா" என்றார். நானும் அன்றைக்கு அதைத்தான் சொன்னேன். இன்னொருவர் வாயில் கேட்கும்போது நல்லாவே இல்லை.

சரி, தோட்டச் செய்தி. செடிகள் முழங்கால் வரை வந்துவிட்டன, மொட்டு தெரிகிறது. ஊட்டத்துக்கு மீன் அமிலம் நல்லது என்று போனில் பார்த்தேன். கரையில் மீன் அறுக்கிற அக்காவிடம் குடல், செதில் எல்லாம் ஓசியில் வாங்கி, அதே எடைக்கு வெல்லம் போட்டு, கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் அடைத்து, மூடியை இறுக்கி வைத்தேன். இறுக்கக் கூடாதாம். தினம் ஒருமுறை திறந்து காற்றை விட வேண்டுமாம். அதை வீடியோவின் கடைசியில் சொன்னார்கள், நான் எந்த வீடியோவையும் கடைசி வரை பார்த்தது கிடையாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் வெடித்தது. பக்கத்து வீட்டில் துணி அப்போதுதான் காயப்போட்டிருந்தார்கள். வைத்திக்குப்பத்துப் பூனை மொத்தமும் நம் மாடியில் மாநாடு.

அம்மா ஒரு பக்கெட் துணியைத் துவைத்துக் கொடுத்துவிட்டு வந்து சொன்னாள்: "ஒங்கப்பா கம்பத்துல நின்னப்பகூட தெரு இவ்ளோ பேசலடி."

சிரித்தீர்களா? நீங்கள் சிரித்தால் மாமாவிடம் சொல்லி அனுப்புங்கள், எழுத வேண்டாம்.

இன்றைக்குக் கத்திரி ஆரம்பம். மாடித் தரையில் செருப்பில்லாமல் நின்றால் தோசை மாதிரி திருப்பிப் போட வேண்டியதுதான்.

பூர்ணிமா


மாஹே
16 மே

பொருள்: மீன் அமிலம்.

மூடியைத் தளர்த்தி வைக்கவும். பூனைகளைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

இங்கே மழை இன்னும் தொடங்கவில்லை, ஆனால் வானம் மூடியே கிடக்கிறது. வேலை முடிந்து ஐந்தரைக்கு வந்துவிடுகிறேன். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. குடியிருப்புக்கு மேலே ஏறும் பாதையில் எழுபத்தாறு படி இருக்கிறது. ஏறி இறங்கினேன். மறுபடி ஏறினேன். டி.வி. வாங்கலாமா என்று யோசித்து, நீங்கள் வந்ததும் உங்கள் இஷ்டப்படி வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சந்தையில் எவர்சில்வர் தட்டு மூன்று வாங்கினேன்.

உன் கோ-கோ பற்றி இங்கே விசாரித்தேன். பள்ளியில் பெண்களுக்கு டீம் இருக்கிறதாம். தகவலுக்காகச் சொல்கிறேன்.

பூ வந்ததா?

அப்பா


வைத்திக்குப்பம்
18 மே

அப்பா,

"அப்பா" என்று கையெழுத்துப் போட்டதற்கு மெர்சி. கவனித்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன், தகவலுக்காக.

பூ வந்தது. வந்த வேகத்தில் போனது. நேற்று வரை நாற்பத்து மூன்று தக்காளிப் பூ உதிர்ந்திருக்கிறது. காம்போடு பழுத்து, தொட்டால் பொத்தென்று கையில் விழுகிறது. குடைமிளகாய் இன்னும் மோசம், மொட்டு திறக்காமலே உதிர்கிறது. ஒரு நாளைக்குப் பதினொரு தடவை மாடி ஏறுகிறேன். அம்மா படிக்கட்டுக்கு மீட்டர் மாட்டச் சொல்கிறாள். சாப்பிட உட்கார்ந்தால் இந்நேரம் ஒன்று விழுந்திருக்குமோ என்று இருக்கிறது. போய்ப் பார்த்தால் விழுந்திருக்கிறது. பார்க்காமல் இருந்தால் விழாதோ என்று நேற்று முழுக்க ஏறவே இல்லை. அதற்கும் விழுந்தது.

பழைய டூத் பிரஷால் பூவுக்குப் பின்னால் தட்டினேன், மகரந்தம் சேருமாம். செடிக்குப் பல் விளக்கிவிட்ட மாதிரி இருந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. மத்தியானத்தில் குடைமிளகாய்க்கு நிஜமாகவே குடை பிடித்தேன். அரைமணி நேரம். பக்கத்து வீட்டில் எல்லாரும் பார்த்தார்கள். தெரு அண்ணாந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று எனக்கும் கொஞ்சம் தெரிந்துவிட்டது.

நீங்களோ என்னிடம் காய் விட்டுவிட்டீர்கள், செடி காய் விடவே மாட்டேன் என்கிறது.

டி.சி.க்கான விண்ணப்பத்தை அம்மா பள்ளியிலிருந்து வாங்கி வந்து பீரோவில் வைத்திருக்கிறாள். நான் பார்க்கவில்லை என்று நினைக்கிறாள். மூன்று தட்டு எதற்கு வாங்கினீர்கள்? பந்தயம் இன்னும் முடியவில்லை.

பூர்ணிமா


வைத்திக்குப்பம்
1 ஜூன்

பெருமதிப்பிற்குரிய லைன் இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு,

பொருள்: வெற்றி. பார்வை: அம்மா போனிலிருந்து இன்று காலை வந்திருக்கும் படம்.

ஐந்து தக்காளி. ஒரு குடைமிளகாய், அதுவும் என் கை முஷ்டி அளவு. எண்ணிக்கொள்ளவும். பத்தொன்பது நாள் முன்னதாகவே காய்த்துவிட்டதால் டி.சி. விண்ணப்பத்தில் அம்மா இனி மளிகை லிஸ்ட் எழுதலாம். அந்த மூன்று தட்டில் ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு மீதியைக் கலியமூர்த்தி மாமாவுக்குக் கொடுத்துவிடுங்கள்.

வேறு விசேஷம் இல்லை. அவசரம், கோ-கோ இருக்கிறது.

பூ.


மாஹே
5 ஜூன்

பூர்ணிமா,

இதைத் தபாலில் போடுகிறேன். கலியமூர்த்தி கையில் கொடுக்க மனம் இல்லை.

படம் வந்ததும் ஆபீசில் எல்லாரிடமும் காட்டினேன். "எம் பொண்ணு வளத்தது" என்று சொன்னேன். நூல்கண்டு வைத்தவரிடமும் காட்டினேன். அறைக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

தக்காளிச் செடியில் இலை சிறியது, நான் வைத்த நாற்று நாட்டுத் தக்காளி, படத்துக் காய் அது இல்லை. அதைக்கூட விட்டிருப்பேன். இடமிருந்து இரண்டாவது காயின் காம்பில் மூன்று சுற்றும் ஒரு முறுக்கும் தெரிந்தது. அது ப்யூஸ் கம்பி. என் பழைய டூல் பையிலிருந்து எடுத்தது. கம்பியை நான் அப்படித்தான் முறுக்குவேன், வேறு யாரும் அப்படி முறுக்கி நான் பார்த்ததில்லை.

கம்பி இருக்க வேண்டிய இடத்தில் நூலைக் கட்டினாய். நூல் கட்ட வேண்டிய இடத்தில் கம்பியைக் கட்டியிருக்கிறாய்.

செடி காய்க்காதது தப்பில்லை. டி.சி.க்கு எழுதிக் கொடுக்கும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அருள்முருகன்


வைத்திக்குப்பம்
15 ஜூன்

அப்பா,

ஒரு வாரமாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். இது ஆறாவது.

தக்காளி, மார்க்கெட்டில் வாங்கியது. குடைமிளகாயும். செய்தது நான்தான், அம்மாவுக்குத் தெரியாது, போனைத்தான் அவளிடம் வாங்கினேன். நீங்கள் ஆபீசில் காட்டுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. அதுதான் உறுத்துகிறது. கண்டுபிடித்தீர்களே என்பதுகூட இல்லை.

மன்னித்துவிடுங்கள் என்று அடுத்த வரியில் எழுதத்தான் இருந்தேன். அதற்குள் ஒன்று நடந்தது.

போன ஞாயிறு, காய்க்காததற்கு என்னதான் காரணம் என்று கேட்கலாம் என்று உழவர்கரைக்கு சைக்கிளில் போனேன். நீங்கள் நாற்று வாங்கிய பையில் பெயர் இருந்தது, அமுதவல்லி நாற்றுப் பண்ணை. அமுதவல்லி அக்காவே இருந்தார்கள். தொட்டி, உரம், தண்ணீர் எல்லாம் ஒப்பித்தேன். கையில் மண்ணோடு இடுப்பில் கைவைத்துக் கேட்டார்கள்:

"ஏம்மா, ஏப்ரல் மாசத்துல எந்தப் புண்ணியவான் ஒனக்கு கொடமொளகா நாத்து வாங்கிக் குடுத்தாரு?"

"எங்கப்பாதான். ஈ.பி.யில வேல பாக்குறாரு."

"ஓ, அந்தக் கம்பத்துக்காரரா! நான்தான் சொன்னேனே அவருகிட்ட. இது கத்திரியில காய்க்காதுங்க, தக்காளியும் பூவக் கொட்டிடும், ஆடியில வந்து வாங்கிக்குங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்."

"அதுக்கு அப்பா என்ன சொன்னாரு?"

"'தெரியும்மா, அதான் இப்பக் கேக்குறேன்'னாரு."

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. நாற்பத்து மூன்று பூ என்று நான் எழுதியபோது நீங்கள் அங்கே உட்கார்ந்து என்ன நினைத்தீர்கள்? பதினொரு தடவை மாடி ஏறினேன் என்று படித்தபோது? "செடி காய்க்காதது தப்பில்லை" என்று எழுதினீர்களே, எப்படிக் கை வந்தது? குறும்பு பண்ணுகிறவள் என்று எனக்குப் பெயர். என்னுடையது இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. உங்களுடையது இரண்டு மாதம்.

காய்க்காது என்று தெரிந்தே வைத்திருக்கிறீர்கள். ஏன் என்று மட்டும் சொல்லுங்கள். நான் தோற்க வேண்டும் என்று அவ்வளவு ஆசையா?

அமுதவல்லி அக்கா சொன்னபடி மாடியில் அம்மாவின் பழைய புடவையைப் பந்தல் கட்டியிருக்கிறேன். முந்தாநாள் சாயங்காலம் ஒரு மழை பெய்தது. பந்தயத்துக்காகக் கட்டவில்லை. பந்தயம்தான் பொய்யாகிவிட்டதே. செடி என்ன செய்யும், அது உங்களையும் நம்பி வந்தது, என்னையும் நம்பி நிற்கிறது.

இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. விண்ணப்பத்தில் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள். நான் இன்னும் போடவில்லை.

பூர்ணிமா


மாஹே
18 ஜூன்

பூர்ணி,

கலியமூர்த்தி திங்கட்கிழமை காலையில் உன் கடிதத்தைக் கொடுத்தான். அன்று கம்பம் ஏறும் வேலை இருந்தது, ஏறவில்லை. ஆளை அனுப்பினேன்.

நேற்று போனில் "பூர்ணிகிட்ட குடு" என்றேன். நீ வந்தாய். பிறகு இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. நாற்பது விநாடி. அம்மா திரும்ப வாங்கி "லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டாள். அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். உன்னை அங்கேயே சேர்த்துவிடச் சொல்லிவிட்டேன். பணம் நான் அனுப்பிவிட்டேன், இந்தக் கடிதம் வருவதற்குள் சேர்ந்திருப்பாய்.

நீ கேட்டதற்குப் பதில். நீ தோற்க வேண்டும் என்று ஆசை இல்லை. நீங்கள் இரண்டு பேரும் இங்கே வர வேண்டும் என்று ஆசை. "வாங்க" என்று கேட்டால் நீ மாட்டேன் என்பாய், அம்மா உன் முகத்தைப் பார்ப்பாள். "வந்துதான் ஆகணும்" என்றால் வருவீர்கள், ஆனால் நீ அந்தக் கடலையே நினைத்துக்கொண்டு இருப்பாய். நீயாகத் தோற்று வந்தால் என்மேல் பழி இல்லை என்று நினைத்தேன். அந்த விருந்தன்று கோபத்தில் வாயில் வந்தது, மறுநாள் உழவர்கரைக்குப் போகும்போது கோபம் இல்லை. இங்கே மூன்று வருடம் தனியாக இருக்க வேண்டும் என்ற பயம்தான் இருந்தது. நாற்பத்தாறு வயதில் அதைப் பெண்ணிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

உன் நாற்பத்து மூன்று பூக் கடிதத்தைப் படித்த அன்று எழுபத்தாறு படியையும் ஐந்து முறை ஏறி இறங்கினேன். உண்மையைச் சொல்ல பேனாவை எடுத்தேன். வைத்துவிட்டேன். அதனால்தான் உன் படம் வந்தபோது அத்தனை சந்தோஷமாக எல்லாரிடமும் காட்டினேன். அமுதவல்லி சொன்னது பொய்யாகிவிட்டது, நான் செய்தது ஒன்றுமில்லாமல் போய்விட்டது, என் பெண் கத்திரியிலேயே காய்க்க வைத்துவிட்டாள் என்று சாயங்காலம் வரை நம்பினேன். அதற்குப் பிறகுதான் அந்தக் கம்பி கண்ணில் பட்டது.

நீ கட்டியது ஒரு பொய். நான் நட்டது ஐந்து. கணக்கு எனக்குத் தெரியும்.

மீன் அமிலம் வெடித்ததைப் படித்து அன்றைக்கே சிரித்துவிட்டேன். கலியமூர்த்தியிடம் சொல்லி அனுப்ப மறந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே மழை பிடித்துக்கொண்டுவிட்டது.

அப்பா


வைத்திக்குப்பம்
20 ஜூலை

அப்பாவுக்கு,

ஒரு மாதம் எழுதவில்லை. போனில்தான் தினமும் பேசுகிறோமே என்று சொல்வீர்கள். "சாப்ட்டியா", "சாப்ட்டேன்", "மழையா", "மழை". இதற்குப் பெயர் பேச்சு என்றால் நம் தெருப் பூனைகள் சொற்பொழிவாளர்கள்.

பள்ளி தொடங்கிவிட்டது. கோ-கோவில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். முதல் நாள் சாயங்காலம் கடற்கரையில் போய் உட்கார்ந்தேன். எந்தக் கடலுக்காக அவ்வளவு சண்டை போட்டேனோ அதே கடல்தான். பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன். அம்மா மூன்று பேருக்கு உலை வைத்துவிட்டு ஒரு பிடி அரிசியைத் திரும்ப அள்ளுகிறாள், இன்னும்.

இப்போது விஷயம். ஜூன் 20, நான் பள்ளியில் சேர்ந்துவிட்டு வந்த அன்று சாயங்காலம், நடுத்தொட்டியில் ஒரு பூ உதிராமல் வாடியது. மறுநாளும் விழவில்லை. அதன் அடியில் மிளகு அளவுக்குப் பச்சையாக ஒன்று இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. சொன்னால் விழுந்துவிடும் என்று பயம். ஒரு மாதம் ஆயிற்று. எலுமிச்சை அளவு இருக்கிறது, முந்தாநாள் முதல் அடிப்பக்கம் சிவக்க ஆரம்பித்திருக்கிறது. அணில் வராமல் இருக்க அம்மாவின் பழைய டீ வடிகட்டியைக் கவிழ்த்து மாட்டியிருக்கிறேன்.

குடைமிளகாய் இன்னும் ஒன்றும் இல்லை. ஆகவே பந்தயப்படி நான் பாதிதான் ஜெயித்தேன், அதுவும் கெடு தாண்டி. நீங்கள் பாதிதான் ஏமாற்றினீர்கள். சரிக்குச் சரி.

படம் அனுப்ப மாட்டேன். அனுப்பினால் பெரிதாக்கிப் பார்ப்பீர்கள். பறித்து மாமாவிடம் கொடுத்தனுப்பவும் மாட்டேன். மார்க்கெட்டில் வாங்கியது என்று நினைத்துவிடுவீர்கள், என் பேரில் அப்படி ஒரு ரெக்கார்டு இருக்கிறது. நீங்களே வந்து, காம்பைத் தடவிப் பார்த்து, உங்கள் கையால்தான் பறிக்க வேண்டும். உங்களுக்கு ஈட்டிய விடுப்பு நாற்பது நாள் கிடக்கிறது என்று கலியமூர்த்தி மாமாவே சொன்னார். அவர் வாய் சும்மா இருக்காது என்பதில் இப்படி ஒரு நன்மை.

வரும்போது அந்த மூன்று தட்டையும் எடுத்து வாருங்கள். காலாண்டு லீவுக்கு நானும் அம்மாவும் அங்கே வரும்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். திறக்காத அறையை மட்டும் அதற்குள் பெருக்கி வையுங்கள்.

அமுதவல்லி அக்காவிடம் கேட்டேன். சிவக்க ஆரம்பித்த பிறகு செடியில் ஒரு வாரம் தாங்கும், அதிகம் போனால் பத்து நாள், அதற்குமேல் தானாக விழுந்துவிடும் என்றார்கள். இரண்டு நாள் ஏற்கெனவே போய்விட்டது. நான் மறுபடி ஒரு நாளைக்குப் பதினொரு தடவை மாடி ஏறுகிறேன்.

கம்பி கட்டவில்லை, அப்பா. நூலும் கட்டவில்லை. அதுவாகத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

பூர்ணி